திபெத்து மொழிக்கு வழிகண்ட சோமா

நம் கலாசாலையில் பயின்று பட்டம் பெறும் மாணவருட் சிலர், மேற்கல்வியை நாடி அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளுக்குச் செல்ல விரும்புதல் ஆண்டுதோறும் காணப்படுவதாகும். உபகாரச் சம்பளம் எவ்வளவு கிடைக்கும், எத்தனை ஆண்டு கிடைக்கும், தங்குவதற்கு இடம் உண்டா, திரும்பி வந்தபின் என்ன உத்தியோகம் அமையும் என்பவற்றையே அவர்கள் முதற்கண் விசாரிப்பர். அது குற்றமன்று, வறுமையிற் பிறந்தவன் கணக்குப் பாராமல் ஊரை விட்டுப் புறப்பட்டால் நடுவழியில் தவிக்க நேரிடும். ஆயினும், இவ்வினாக்களுக்கு அப்பாலும் ஒரு வினா உண்டு. எந்த அறிவைத் தேடிச் செல்கிறோம், அது கிட்டும்வரை எத்துணைத் துன்பம் பொறுப்போம் என்பதே அது. இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருங்கக் கூறுவோம். அவர் ஹங்கேரிய இனத்தவர். கொரோஷி சோமா ஷாண்டோர் என்பது அவர் பெயர். ஆங்கில நூல்களில் அலெக்ஸாண்டர் சோமா என வழங்கப்பெறுவர். அவர் தேடிப்போன பொருள் அவருக்குக் கிட்டவில்லை. தேடாத பொருளொன்று கிட்டிற்று. அதனால் உலகம் பெரும்பயன் எய்தியது.

பிறப்பும் இளமையும்

சோமா பிறந்தது டிரான்ஸில்வேனியா நாட்டிற் கொரோஷ் என்னும் சிற்றூரில். அந்நாடு அக்காலத்தில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இப்போது ருமேனியாவைச் சேர்ந்தது. 1784-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி அவருக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பெற்றதாகத் தெரிகிறது. அதே வருஷத்திலேதான் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் என்பார் ஆசியச் சங்கத்தை நிறுவினார். பிற்காலத்தில் அச்சங்கத்தின் புத்தகசாலையே தமக்கு இல்லமாகப் போகின்றதென்பதை, ஐரோப்பாவின் மலைச்சரிவில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்த அக்குழந்தை எங்ஙனம் அறியும்!

அவர் குடும்பம் ஸேக்கேய் என்னும் பிரிவைச் சேர்ந்தது. அவர்கள் எல்லைக்காவல் புரியும் போர்வீரர் மரபினர். தம் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்த ஹூணர் என்றும், தம் உறவினருட் சிலர் இன்னும் அக்கண்டத்தின் நடுப்பகுதியில் எங்கோ வாழ்கின்றனர் என்றும் அவர்களிடையே கர்ணபரம்பரை வழங்கி வந்தது. சோமா சிறுவயதிலேயே இக்கதைகளைக் கேட்டு வளர்ந்தார்.

1799-ம் வருஷம், தமது பதினைந்தாம் பிராயத்தில், அவர் தந்தையாருடன் நடந்தே சென்று நாகியெனெட் என்னும் நகரிலுள்ள பெத்லென் கலாசாலையிற் சேர்ந்தார். சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையாரின் அக்கலாசாலை, 1622-ம் வருஷம் கபோர் பெத்லென் என்னும் சிற்றரசரால் நிறுவப்பெற்றது. கைப்பொருளில்லாத மாணவர், அறைகளைத் துப்புரவு செய்தல் முதலிய பணிகளைப் புரிந்து, அதற்கு ஈடாக உணவும் கல்வியும் பெறலாம் என்னும் ஏற்பாடு அங்கே இருந்தது. சோமா அவ்வாறு பணிசெய்து படித்த மாணவரே. நம் நாட்டு மிஷன் கலாசாலைகளிலும் இத்தகைய ஏற்பாட்டால் முன்னுக்கு வந்தோர் பலராதலின், இவ்விளமைக் காட்சி நமக்குப் புதிதன்று. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளை அவர் அங்கே செவ்வையாகக் கற்றார். மேல்வகுப்பிற்கு வந்தபின் இளைய மாணவர்க்குப் பாடஞ்சொல்லிச் சிறுபொருள் ஈட்டினார். ஹங்கேரியரின் பூர்விகத்தை ஆராயும் பொருட்டு ஆசியாவிற்குச் செல்வதென்று அவரும் வேறு இரு மாணவரும் உறுதி செய்துகொண்டனர் என்பர். மற்றை இருவரும் போகவில்லை. சோமா மட்டுமே அவ்வுறுதியை மறவாதிருந்தார்.

கொட்டிங்கன் சர்வகலாசாலை

1815-ம் வருஷம் இறுதிப் பரீட்சையில் தேறியபின், அவருக்கு இரண்டாண்டு உபகாரச் சம்பளம் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்து தேசத்தாரின் பொருளுதவியால் ஏற்பட்டிருந்த அச்சம்பளத்தைக் கொண்டு, ஜெர்மனியிலுள்ள கொட்டிங்கன் சர்வகலாசாலையில் 1816 முதல் 1818 வரை பயின்றார். கீழ்நாட்டு மொழிகளைக் கற்பதற்கு அக்காலத்தில் ஐரோப்பாவில் அதனினும் சிறந்த இடங்கள் மிகச்சிலவே. ஐக்ஹார்ன் என்னும் பேராசிரியர் அங்கே எபிரேயம், அரபி முதலிய மொழிகளைப் போதித்து வந்தார். ஹங்கேரியரின் பழஞ்சரித்திரம் பற்றிய செய்திகள் அரபி நூல்களுட் புதைந்து கிடத்தல் கூடும் என்னும் எண்ணம் சோமாவின் உள்ளத்தில் அங்கேதான் வேரூன்றிற்று. ஆங்கில மொழியின் தொடக்கமும் அங்கேயே பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. ஹங்கேரிய மொழி, பின்லாந்து மொழியோடும் லாப்லாந்து மொழியோடும் உறவுடையது என்பதை ஸாயினோவிக்ஸ் என்பார் 1770-ம் வருஷத்திலும், கியார்மதி என்பார் 1799-ம் வருஷத்திலும் இலக்கண ஒப்புமை கொண்டு நிறுவியிருந்தனர். கியார்மதியின் நூல் அச்சானது இதே கொட்டிங்கன் நகரிலேயே. அவர் சோமாவிற்கு நன்கு பழக்கமானவரும், அன்பு பாராட்டியவருமாவர். ஆயினும், நாட்டுப்பற்று மிக்க ஹங்கேரியர் பலர் அம்முடிபை ஒப்பவில்லை. வீரஞ்செறிந்த ஹூணர் மரபை விட்டு, மீன்பிடித்து உண்ணும் வடபுலத்தாரோடு உறவு கொண்டாட அவர் மனம் இசையவில்லை. சோமாவும் மத்திய ஆசியாவிலுள்ள உய்கூர் மக்களே தம் இனத்தார் என்று நம்பினார். இவ்வகையில் அவர் கொண்ட நோக்கம் பிழைபட்டதே. அதனை மறைத்துப் பேசுதல் அவர் புகழுக்கு உதவுவதன்று.

நெடும்பயணம்

1818-ம் வருஷம் ஊர் திரும்பிய சோமாவிற்கு ஆசிரியர் பதவிகள் காத்திருந்தன. அவற்றை ஏற்றிருப்பின், மனைவி மக்களோடு கௌரவமாக வாழ்ந்து முதுமை எய்தியிருப்பார். அவரோ அவற்றை மறுத்துக் குரோஷியா சென்று, வழிப்பயணத்திற்கு வேண்டுமெனக் கருதிய ஸ்லாவிய மொழியைச் சில மாதங்கள் கற்றார். பின்னர் 1819-ம் வருஷம் நவம்பர் மாதம், குளிர் தொடங்கிய பருவத்தில், கையில் ஒரு கோலும் சிறு மூட்டையுமாக நாகியெனெட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்குப் பிராயம் முப்பத்தைந்து. அடுத்த ஊருக்கு உலாவச் செல்பவர்போன்ற எளிய உடையில் அவர் போனதாக, அவரை வழியனுப்பிய பேராசிரியர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அவர் தம் நாட்டை மீண்டும் காணவில்லை.

கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போக எண்ணியவர், அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தமையால் கடல்வழியாக எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியாவை அடைந்தார். அங்கும் அந்நோய் தோன்றவே, சைப்ரஸ் தீவு வழியாகச் சிரியாவின் கரையேறி, அலெப்போ நகருக்கு நடந்தார். வணிகர் கூட்டத்தோடு மோசூலையும், டைகிரிஸ் நதியில் தெப்பத்தின்மூலம் 1820-ம் வருஷம் ஜூலை மாதம் பாக்தாதையும் அடைந்தார். அக்டோபர் மாதத்தில் தெஹ்ரான் சேர்ந்தபோது கைப்பொருள் முழுதும் தீர்ந்திருந்தது. அங்கிருந்த ஆங்கில ராஜதந்திரிகளான வில்லக் சகோதரர் அவரை ஆதரித்தனர். நான்கு மாதம் தங்கிப் பாரசீக மொழியை நன்கு பயின்றார். புறப்படுங்கால், தம் புத்தகங்களையும் சான்றுப் பத்திரங்களையும் அவர்களிடம் ஒப்புவித்து, தாம் வழியில் இறக்க நேரின் அவற்றை ஊருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். பின்னர் ஐரோப்பிய உடையைக் களைந்து, ஆர்மீனியர்போல் வேடம் பூண்டு கிழக்கு நோக்கினார்.

மெஷத் நகரில் வழிகள் கலகத்தால் அடைபட்டிருந்தமையால் ஆறு மாதம் காத்திருந்தார். 1821-ம் வருஷம் நவம்பர் மாதம் புகாரா அடைந்தார்; ரஷ்யச் சேனை வருகின்றதென்னும் வதந்தியால் அங்கே ஐந்து நாளுக்கு மேல் தங்க இயலவில்லை. பால்க், பாமியான் வழியாக 1822-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் காபூலையும், மார்ச்சு மாதத்தில் லாகூரையும், பின்பு காஷ்மீரத்தையும் கண்டு, ஜூன் மாதம் 9-ந் தேதி லடாக்கின் தலைநகராகிய லே நகரிற் புகுந்தார். உய்கூர் மக்கள் வாழும் யார்கந்துக்குச் செல்லும் வழி அங்கிருந்து வடக்கே மலைகளைக் கடந்து போகின்றது. இரண்டரை ஆண்டு நடந்து வந்தவர்க்கு எஞ்சியிருந்த தொலைவு சிறிதே. ஆனால், அவ்வழி மிகுந்த செலவுக்கு இடமானது. கிறிஸ்தவன் ஒருவனுக்கு உயிரச்சமும் உடையது என்று அங்குள்ளோர் தெரிவித்தனர். கையிற் பணமில்லை, துணையாவார் எவருமில்லை. வேறு வழியின்றிச் சோமா திரும்பினார்.

மூர்கிராப்டின் சந்திப்பு

திரும்பும் வழியில், 1822-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி, மூர்கிராப்ட் என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்தார். அவர் குதிரை வைத்தியர். கும்பினி அரசாங்கத்தின் குதிரைப் பண்ணைக்கு நல்ல குதிரைகளைத் தேடி மத்திய ஆசியாவிற்குச் செல்ல முயன்றுகொண்டிருந்தவர். மலைப்பாதையிற் கந்தையுடுத்து வந்த ஏழை, பல மொழிகளில் வல்ல பண்டிதர் என்பதைக் கண்டு அவர் வியந்தார். திபெத்திய மொழிபற்றி அப்போது ஐரோப்பாவிற் கிடைத்த நூல்களுட் சிறந்ததாகக் கருதப்பெற்றது, 1762-ம் வருஷம் ரோமாபுரியில் ஜியோர்ஜி என்னும் துறவியார் வெளியிட்ட லத்தீன் நூல். மூர்கிராப்ட் அதனைச் சோமாவிடம் கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த சோமா, அந்நூல் குறைபாடும் குழப்பமும் மலிந்தது என உணர்ந்தார்.

திபெத்திய மொழியை முறையாகக் கற்று அகராதியும் இலக்கணமும் இயற்றுமாறு மூர்கிராப்ட் வேண்டினார். அரசாங்கத்திற்கு அதனால் ராஜீயப் பயன் உண்டென்பது அவர் கருத்து. சோமாவின் கருத்து வேறு. திபெத்திய மடங்களிலுள்ள நூல்களில் உய்கூர் மக்களைப் பற்றியும் ஹங்கேரியரின் பூர்விகத்தைப் பற்றியும் செய்தி கிடைக்கலாம் என அவர் நம்பினார். மேலும், உதவி பெற்றவர் அதற்குக் கைம்மாறு செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே உடன்பட்டார். பக்கத்தூருக்குப் போகும் பாதையென எண்ணித் திரும்பிய வழி, அவர் வாழ்நாள் முழுவதையும் கொண்டுபோகும் வழியாயிற்று. மூர்கிராப்ட் 1825-ம் வருஷம் மத்திய ஆசியாவில் நோயுற்று இறந்தார். தாம் ஊன்றிய வித்தின் பயனை அவர் காணவில்லை.

ஸங்ஸ்கார் மடத்தில்

1823-ம் வருஷம் ஜூன் மாதம் சோமா, லடாக்கின் தென்பாலுள்ள ஸங்ஸ்கார் என்னும் மலைநாட்டு ஸங்லா கிராமத்தை அடைந்தார். அங்கே ஸங்யே புந்த்ஸோக் என்னும் லாமா அவருக்கு ஆசிரியராய் அமைந்தார். மருத்துவம், சோதிடம், தத்துவம், இலக்கணம் ஆகிய பலதுறைகளிலும் வல்லவர் அந்த லாமா. இருவரும் ஒரு வேலையாளும் ஒன்பதடிச் சதுரமான ஓர் அறையிற் காலங்கழித்தனர். குளிர்காலத்தில் நான்கு மாதம் பனி மூடியமையால் அவர்களால் வெளியே வர இயலவில்லை. அறையில் தீ இல்லை. பொழுது சாய்ந்தபின் விளக்கும் இல்லை. வெறுந்தரையே படுக்கை. ஆட்டுத்தோற் போர்வைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு, காலை முதல் மாலை வரை சோமா ஏடுகளைப் படித்தார். பக்கத்தைத் திருப்புவதற்காகப் போர்வையினின்றும் கையை வெளியே எடுப்பதே ஒரு பெரும் பணியாக இருந்ததாம்.

அவர் அங்கே கண்ட செல்வம் யாது? திபெத்தியரின் வேதநூல்கள் காஞ்சூர், தாஞ்சூர் என இரு பெரும் பிரிவினை உடையன. முன்னது புத்தர் பெருமானுடைய உபதேசங்களெனக் கொள்ளப்படுவனவற்றின் தொகுதி. பின்னது ஆசாரியர்கள் இயற்றிய உரைகளும் சாஸ்திரங்களும். இரண்டும் சேர்ந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய சம்புடங்களாகும். இவற்றுட் பெரும்பாலன வடமொழியினின்றும் மொழிபெயர்க்கப்பெற்றவை. இந்தியாவிற் பௌத்தம் மறைந்தபோது மூலநூல்கள் பல அழிந்தொழிந்தன. ஆனால் மொழிபெயர்ப்புக்கள் திபெத்து மடங்களில் நிலைபெற்றன. மொழிபெயர்த்தோர் ஒவ்வொரு வடசொல்லுக்கும் இன்ன திபெத்தியச் சொல் என வரையறுத்துக்கொண்டு எழுதியமையால், மூலத்தின் பொருள் பெரும்பாலும் சிதையாமல் நின்றது. காஞ்சிமாநகரை அடுத்துப் பிறந்தவர் எனத் திபெத்திய மரபு கூறும் திங்நாகர் என்னும் பௌத்த தருக்க ஆசிரியரின் பிரமாண சமுச்சயம் இதற்கு நல்ல உதாரணம். அந்நூலை முழுமையாக நமக்குக் காத்துத் தந்தது தாஞ்சூரிலுள்ள திபெத்திய மொழிபெயர்ப்பே. ஆதலின், சோமா திறந்த கதவு திபெத்தியருக்கு மட்டுமன்றி நமக்கும் நம் பழஞ்செல்வத்தைக் காட்டும் கதவாயிற்று.

ஐயமும் அவமதிப்பும்

1824-ம் வருஷம் நவம்பர் மாதம், சிம்லாவிற்கு அருகிலுள்ள சபாத்து என்னும் ஆங்கிலப் பாளையத்திற்குச் சோமா வந்தார். அங்கே அவர் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. எந்த அரசாங்கத்தின் ஒற்றரோ இவர் என்னும் ஐயம் அதிகாரிகளுக்கு உண்டாயிற்று. தம் வரலாறு முழுவதையும் எழுதிக்கொடுக்குமாறு கேட்டனர். 1825-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதியிட்டு அவர் எழுதிய நீண்ட கடிதமே இன்று நமக்கு அவர் பயணத்தை அறிவிக்கும் முதன்மையான ஆதாரம். மறுமொழி வரும்வரை ஏறக்குறையக் காவலில் இருந்தவர்போன்றே அவர் அங்குக் காத்திருந்தார். முடிவில் அரசாங்கத்தார் திருப்தியடைந்து மாதம் ஐம்பது ரூபாய் உதவ இசைந்தனர்.

1825-ம் வருஷம் மீண்டும் ஸங்ஸ்காருக்குப் போய்ப் புக்தல் மடத்தில் தங்கினார். இம்முறை லாமா முன்போல் காலம் ஒதுக்க இயலாதவராயிருந்தார். வேலை எதிர்பார்த்த அளவு முடியவில்லை. 1827-ம் வருஷத் தொடக்கத்தில் சபாத்து திரும்பியபோது வேறொரு செய்தியும் காத்திருந்தது. ஸ்ரீராம்பூர் மிஷனரிமார் 1826-ம் வருஷம் ஒரு திபெத்திய அகராதியை வெளியிட்டிருந்தனர். முன்பே ஓர் அகராதி வந்துவிட்டபடியால் சோமாவின் உழைப்பு வேண்டுமோ என்னும் ஐயம் கல்கத்தாவில் எழுந்தது. அவ்வகராதி பழைய கையெழுத்துப் பிரதியொன்றைக் கொண்டு தொகுக்கப்பெற்றது. அம்மொழி அறிந்தோர் சரிபார்க்க வாய்ப்பின்றி அச்சானது. ஆதலின் அதிற் பிழைகள் பல இருந்தன. இதனைச் சோமா அறிந்திருந்தும், தாம் வாக்களித்த காலத்தில் பணியை முடிக்கவில்லையே என்னும் வருத்தம் அவரை வாட்டிற்று. பெற்ற பணத்திற்குத் தகுந்த வேலையை இன்னும் தரவில்லை என அவரே கருதினார். மேலும் மூன்றாண்டு அவகாசம் வேண்டினார், அரசாங்கத்தார் அளித்தனர்.

கானம் என்னும் ஊரில்

1827 முதல் 1830 வரை சட்லெஜ் நதிக்கரையில் கின்னௌர் நாட்டிலுள்ள கானம் என்னும் ஊரில் சோமா வாழ்ந்தார். ஸங்ஸ்காரிலிருந்து லாமாவும் வந்து சேர்ந்தார். மாதம் கிடைத்த ஐம்பது ரூபாயில் இருபத்தைந்து ரூபாய் லாமாவிற்கும், நான்கு ரூபாய் வேலையாளுக்கும், ஒரு ரூபாய் வீட்டு வாடகைக்கும் போயிற்று. எஞ்சிய இருபதில் உணவு, உடை, காகிதம் யாவும் அடங்க வேண்டும். வெண்ணெயிட்ட தேயிலை நீரே அவருக்குப் பெரும்பாலும் ஆகாரம். ஆசிரியருக்குப் பாதி, தமக்குப் பாதிக்கும் குறைவு என அவர் பங்கிட்டது நாம் உன்னத்தக்கது.

1828-ம் வருஷம் ஜெரார்டு என்னும் ஆங்கில வைத்தியர் அவரைக் கண்டு, அவர் நிலைமையைக் கல்கத்தாவிற்கு எழுதினார். அதன்பின்னர் ஆசியச் சங்கத்தார் தாமும் மாதம் ஐம்பது ரூபாய் அளிக்க முன்வந்தனர். சோமா அதனை ஏற்கவில்லை. ஆறாண்டுக்கு முன் மூர்கிராப்ட் வாயிலாகச் சில புத்தகங்களை வேண்டியபோது அச்சங்கத்தார் மறுமொழியும் எழுதாதிருந்தமை அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. புத்தகம் வேண்டிய காலத்தில் புத்தகம் வரவில்லை. பணி முடியுங்காலத்தில் பணம் வருகின்றது என அவர் மனம் கசந்தார். இது அளவுகடந்த மானவுணர்ச்சி என்று சிலர் கூறலாம். எனினும், தூரதேசத்தில் தனித்து ஆராயும் மாணவனுக்குத் தக்க காலத்தில் ஒரு நூலும் ஒரு கடிதமும் அனுப்புதல் எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கலாசாலைகளும் சங்கங்களும் இதனால் உணர்தல் வேண்டும்.

அகராதியும் இலக்கணமும்

1831-ம் வருஷம் சோமா தம் கையெழுத்துப் பிரதிகளுடன் கல்கத்தாவை அடைந்தார். அங்கே வில்ஸன், பிரின்ஸெப் ஆகிய அறிஞர் அவருக்கு உறுதுணையாயினர். திபெத்து – ஆங்கில அகராதியும், ஆங்கிலத்தில் எழுதிய திபெத்திய இலக்கணமும் 1834-ம் வருஷம் அரசாங்கச் செலவில் கல்கத்தா பாப்டிஸ்டு மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாயின. ஒவ்வொன்றிலும் ஐந்நூறு பிரதிகள் அச்சிடப்பெற்றன. அகராதியின் முகப்புப் பக்கத்திலேயே ஸங்ஸ்கார் லாமாவின் துணையால் இயற்றப்பெற்றது என்பதனைச் சோமா குறிப்பித்திருக்கிறார். உள்நாட்டுப் பண்டிதரின் உழைப்பைக் கொண்டு நூலியற்றித் தம் பெயரை மட்டும் பொறித்தோர் பலராயிருந்த காலத்தில், அவர் காட்டிய இந்நேர்மை போற்றத்தக்கது. முகவுரையில், தம்மை அரசாங்கம் எதுவும் அனுப்பவில்லை என்றும், பொருளுடைய உல்லாசப் பயணியும் தாமல்லர் என்றும், ஓர் ஏழை மாணவராகவே ஆசியாவிற்கு வந்ததாகவும் கூறியுள்ளார். அவருக்கு அப்போது ஐம்பது பிராயம்.

அவ்வாண்டே ஆசியச் சங்கத்தார் அவரைக் கௌரவ அங்கத்தினராக்கினர். பழைய மனத்தாங்கலும் மறைந்தது. ஹங்கேரியக் கல்விக்கழகமும் அவரை அங்கத்தினராகச் சேர்த்தது. ஊரார் அவருக்கென்று திரட்டியனுப்பிய பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஊர்க் கல்விக்கே திருப்பித் தந்தார். காஞ்சூர், தாஞ்சூர் நூல்களின் பொருளடக்கத்தை விளக்கி அவர் எழுதிய கட்டுரைகள் ஆசியச் சங்கத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் வெளிவந்தன. அத்தொகுதிகளுள் எந்நூல் எங்கே உள்ளது என்பதை வெளியுலகம் முதன்முதல் அறிந்தது அவற்றாலேயே.

பின்னர் வடவங்காளம் சென்று வடமொழியும் வங்காளியும் பயின்றார். தித்தாலியா என்னுமிடத்தில் ஆங்கில சேனாதிகாரி ஒருவர் தம் மாளிகையிலேயே தங்குமாறு அழைத்தார். சோமா அதனை மறுத்து ஒரு குடிசையில் தங்கினார். துரையோடு உண்டு உறைந்தால் ஊரார் தம்மிடம் கூச்சமின்றிப் பேசமாட்டார்கள். பேசாவிடின் மொழி வாராது என்பதே அவர் கூறிய காரணம். அங்கே அவர் மாதச் செலவு நான்கு ரூபாய்க்கு மேற்படவில்லை.

1837-ம் வருஷ இறுதியில் கல்கத்தா திரும்பி, ஆசியச் சங்கத்தின் புத்தகசாலைத் தலைவராகப் பணியாற்றினார். நாற்புறமும் புத்தகப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின் நடுவே ஒரு பாயை விரித்து, அதன்மேலேயே இருந்து படிப்பதும் உண்பதும் உறங்குவதும் அவர் வழக்கம். சோறும் தேயிலை நீருமே உணவு. மதுவும் புகையிலையும் அவர் தீண்டியதில்லை. கல்கத்தா பிஷப் கலாசாலையில் ஆசிரியராயிருந்த மலான் என்னும் இளைஞர் அவரிடம் திபெத்திய மொழி கற்க வந்தார். அம்மொழியைக் கற்க விரும்பி வந்தோர் மிகச் சிலரே. ஆதலின் சோமா பெருமகிழ்ச்சியுற்றுத் தம்மிடமிருந்த திபெத்திய நூல்களை அவருக்கே அளித்துவிட்டார்.

இறுதிப் பயணம்

ஐம்பத்தெட்டாம் பிராயத்தை எட்டும் நிலையிலும் சோமா தம் இளமை நோக்கத்தை மறந்தாரில்லை. லாஸா நகர்ப் புத்தகசாலைகளைக் கண்டு, அங்கிருந்து உய்கூர் மக்களின் நாட்டிற்குச் செல்ல வேண்டுமென்று 1842-ம் வருஷம் பிப்ரவரி மாதம் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார். இமயமலையின் அடிவாரக் காடுகளைக் கடக்கையில் மலைக்காய்ச்சல் அவரைப் பற்றியது. மார்ச்சு மாதம் 24-ந் தேதி டார்ஜிலிங் சேர்ந்தார். அவ்வூர் அதிகாரியாகிய காம்பெல் வைத்தியர் அவருக்கு வேண்டிய உதவி புரிந்தார். சிக்கிம் அரசரின் பிரதிநிதி, ஐரோப்பியர் ஒருவர் திபெத்திய மொழியை இத்துணைச் சிறப்பாகப் பேசுவதைக் கண்டு வியந்தார். லாஸா செல்ல அனுமதி கிடைக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்திற் காய்ச்சல் கடுமையாயிற்று. மருந்துண்ண முதலில் இசையவில்லை, இசைந்தபோது காலங்கடந்துவிட்டது. காய்ச்சலுக்கிடையே சிறிது தெளிவு வந்தபோதெல்லாம் உய்கூர் மக்களைப் பற்றியே பேசினார். 1842-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி விடியற்காலையில் அவர் ஆவி பிரிந்தது.

அவர் உடன்கொண்டு வந்த உடைமைகள் நான்கு பெட்டி நூல்களும் காகிதங்களும், அணிந்திருந்த நீலநிற உடை ஒன்று, சில சட்டைகள், சமைக்கும் பாத்திரம் ஒன்று. அவரை டார்ஜிலிங்கிலேயே அடக்கம் செய்தனர். ஆசியச் சங்கத்தார் அவ்விடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினர்.

அவர் உழைப்பின் பயன்

அவர் இறந்த 1842-ம் வருஷத்திலேயே பாரிஸ் நகரில் பூக்கோ என்பார் திபெத்திய மொழியைக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் அம்மொழியைக் கற்றது சோமாவின் நூல்களைக் கொண்டே. 1881-ம் வருஷம் அகராதி வெளியிட்ட மொரேவிய மிஷனரியாகிய யேஷ்கே என்பாரும், 1902-ம் வருஷம் அகராதி வெளியிட்ட சரத் சந்திர தாஸ் என்னும் வங்காளி அறிஞரும் சோமா இட்ட அடிப்படையின்மேலேயே கட்டினர். வடமொழி, திபெத்தியம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியில் அவர் தொகுத்த பௌத்தக் கலைச்சொற் கோவையை ஆசியச் சங்கம் 1910 முதல் 1944 வரை பகுதி பகுதியாக அச்சிட்டது. ஹங்கேரியரான டூகா என்னும் வைத்தியர் 1885-ம் வருஷம் அவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மலான் தாம் பெற்ற நூல்களை 1884-ம் வருஷம் ஹங்கேரியக் கல்விக்கழகத்திற்கு வழங்கினார். ஏழை மாணவர் மலைமடங்களில் ஈட்டிய ஏடுகள் அவ்வாறு அவர் தாய்நாட்டைச் சென்றடைந்தன. சோமாவின் ஏட்டுத்தொகுதி 2009-ம் வருஷத்தில் உலக நினைவுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பெற்றது. டோக்கியோவிலுள்ள தைஷோ பௌத்த சர்வகலாசாலையில் 1933-ம் வருஷம் அவர் உருவச்சிலை இடம்பெற்றது. உய்கூர் மக்களைக் காணாமலே மாண்ட கிறிஸ்தவ மாணவரைப் பௌத்தர் போதிசத்துவராக மதிக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, சோமாவின் சரித்திரத்தில் நாம் பின்பற்றத் தகாதனவும் உண்டு. உடலை அத்துணை வருத்துதலும், நண்பர் தரும் மருந்தை மறுத்தலும் நமக்கு உதாரணமாகா. தாம் கொண்ட கொள்கைக்கு மாறான சான்றுகளைத் தம் நண்பரே எழுதியிருந்தும் அவற்றை அவர் எடைபோட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதுவும் ஆராய்ச்சியாளர் தவிர்க்க வேண்டிய குறையே. ஆயினும், போகும் வழி அடைபட்டபோது சோர்ந்து ஊர் திரும்பாமல், கைக்கெட்டிய பணியை மேற்கொண்டு, அதனைப் பிறர் மீண்டும் செய்ய வேண்டாதபடி செவ்வையாக முடித்தாரே, அதனைப் பின்பற்றலாம். ஆசிரியரை மதித்ததையும், ஊராரோடு கலந்து மொழி கற்றதையும், பெற்ற உதவிக்குத் தாமே கணக்கு வைத்து ஈடுசெய்ததையும் பின்பற்றலாம்.

இக்காலத்தில் ஆசிய மொழிகளைக் கற்பிக்கும் சர்வகலாசாலைகள் பல நாடுகளில் உள்ளன. உபகாரச் சம்பளங்களும் உண்டு. சோமா இரண்டரை ஆண்டில் நடந்த தொலைவை இன்று ஒரு பகலில் வானூர்தி கடக்கும். இவ்வசதிகளை நாடிச் செல்வோர் செல்க. செல்ல இயலாதோரும் வருந்த வேண்டுவதில்லை. எமனோ என்னும் மொழியறிஞர் 1935-ம் வருஷம் கடல் கடந்து நம் நீலகிரிக்கு வந்து, மூன்றாண்டு தங்கித் தொதவர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். அயல்நாட்டார் தேடிவந்த செல்வம் நம் மலைகளிலேயே கிடந்தது. இன்னும் எழுதப்பெறாத சொற்களும் கதைகளும் நம் நாட்டு மலைகளிலும் கடற்கரைகளிலும் முதியோர் நாவில் உள்ளன. அம்முதியோர் மறையுமுன் அவர்பால் மாணவராய்ச் சென்று அமர்வோர் நம் கலாசாலையினின்றும் சிலரேனும் தோன்றுவாராக.